சேமித்து வையாத ஆட்டம்

நாயாற்றுக் கடலேரியின் முகத்துவாரத்துக்கு அண்மையில், வீதியோரமாக அமைந்த ஒரு வீட்டில் சென்ற ஆண்டு இரண்டு நாட்கள் தங்க நேர்ந்தது. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குச் செல்லும் பாதையில் சிலாவத்தை, அளம்பில், செம்மலை ஆகியவற்றைக் கடந்து வருவது நாயாறு. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் கடலேரி, நடுவே மணல். அதிகாலை மூன்று மணிக்கெல்லாம் கரையில் படகுகளின் இயந்திர ஒலி கேட்கத் தொடங்கிவிடும்.

இரண்டாம் நாட்காலை நான் விழித்தபோது, அவ்வீட்டின் பதினான்கு வயதுப் பையன் மடிக்கணினியின் முன்னால் அசைவற்று அமர்ந்திருந்தான். என்னவென்று கேட்டேன்.

"பத்து நாளா விளையாடினது எல்லாம் போட்டுது மாமா."

அடுக்களையிலிருந்து தாயின் குரல் வந்தது. "விளையாட்டுத்தானே அண்ணை! அதுக்குப்போய் இவன் விடியத் தொடக்கம் தேத்தண்ணியும் குடியாமல் இருக்கிறான்."

நடந்தது இதுதான். வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பழைய மடிக்கணினி அது. பையன் ஒவ்வொரு மாலையும் ஆட்டத்தை இடையில் நிறுத்திவைத்து, கணினியின் மூடியைச் சாத்திவிடுவான். மறுநாள் மூடியைத் திறந்தால் ஆட்டம் விட்ட இடத்திலேயே நிற்கும். ஆகவே சேமிக்க வேண்டும் என்ற நினைவே அவனுக்கு எழவில்லை. முதல்நாள் பாடசாலை வேலைக்காகத் தாயின் கைத்தொலைபேசி வழியாக இணையத்துடன் தொடுத்திருக்கிறான். காத்திருந்த இற்றைப்படுத்தல்கள் அந்த வழியால் உள்ளே வந்து சேர்ந்தன. இரவில், எல்லோரும் உறங்கிய பின்னர், கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, தன்னைத்தானே நிறுத்தி, மீண்டும் தொடங்கியிருக்கிறது. விடிந்தபோது திரையில் ஒரு வரவேற்பு வாசகம் மட்டுமே இருந்தது. பத்து நாள் உழைப்புப் போயிற்று.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்தவன் என்ற வகையில் அந்தப் பையனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அச்சுக்கோர்ப்புக் காலம் முடிந்து கணினி வந்த புதிதில், இரவு முழுவதும் தட்டெழுதிய ஆசிரியத் தலையங்கம் ஒன்று மின்வெட்டில் கணப்பொழுதில் மறைந்ததை நானும் கண்டவன். ஈய எழுத்துக்கள் கீழே கொட்டுண்டால் பொறுக்கி மீண்டும் அடுக்கலாம். இதில் பொறுக்குவதற்குக்கூட எதுவும் கிடப்பதில்லை. 'விளையாட்டுத்தானே' என்று தள்ளிவிடக்கூடிய இச்சிறு இழப்புக்குப் பின்னால், எதைக் காப்பது, யார் காப்பது என்ற நீண்டதொரு வரலாறு இருக்கின்றது. அதனை இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன்.

கணினிக்கு இருவகை நினைவுகள் உண்டு. ஒன்று மின்சாரம் உள்ளவரை மட்டுமே நிலைப்பது, வேகமானது, கணினி அப்போதைக்கு எதைச் செய்துகொண்டிருக்கிறதோ அதனை அங்கேதான் வைத்திருக்கும். மற்றையது வன்தட்டு போன்றது; மெதுவானது; மின்சாரம் நின்றாலும் அழியாதது. 'சேமித்தல்' என்று நாம் சொல்வது முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் படியெடுத்து வைப்பதையே. மூடியைச் சாத்தினால் கணினி உறங்குகிறதேயன்றி எதையும் எழுதி வைப்பதில்லை. பையனின் ஆட்டம் பத்து நாட்களும் மின்சாரத்தின் தயவில்தான் உயிரோடிருந்தது.

தொடக்ககால விளையாட்டு இயந்திரங்களில் சேமிப்பு என்ற எண்ணமே இருக்கவில்லை. யப்பானில் 1978 இல் தைத்தோ நிறுவனத்துக்காகத் தொமொஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டம் அதுவரை எடுக்கப்பட்ட மிக உயர்ந்த புள்ளியைத் திரையின் மேற்பகுதியில் காட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் இரவில் மின்சாரத்தை நிறுத்தியதும் அந்தப் புகழும் அணைந்துவிடும். பல்கலைக்கழகங்களின் பெரிய கணினிகளில் நிலைமை வேறாக இருந்தது. வில் குரோதர் எழுதி, 1977 அளவில் டொன் வூட்ஸ் விரிவாக்கிய குகைப்பயண ஆட்டத்தில், இடையில் நிறுத்திப் பின்னர் தொடரும் வசதி இருந்தது. வட்டு இருந்த இடத்தில் சேமிப்பும் இருந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் மலிவான கருவிகளில் வட்டு இல்லை. ஆகையால் சேமிப்பும் இல்லை.

இந்தக் குறைக்கு யப்பானியர் கண்ட வழி சுவையானது. 1986 மே மாதம் வெளியான 'டிராகன் குவெஸ்ட்' என்னும் ஆட்டத்தில், ஆடுபவர் நிறுத்த விரும்பும்போது திரையில் இருபது எழுத்துக்கள் கொண்ட ஒரு தொடர் தோன்றும். அதற்கு 'உயிர்ப்பிக்கும் மந்திரம்' என்று பெயர். சிறுவர்கள் அதனைக் கொப்பியில் எழுதிவைத்து, மறுநாள் திரும்பத் தட்டெழுதினால் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும். 1987 இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மந்திரம் 52 எழுத்துக்கள் வரை நீண்டது. ஓர் எழுத்தைப் பிழையாகப் படியெடுத்தாலும் மந்திரம் பலிக்காது. நம்முடைய ஏடெழுதுவோர் நூற்றாண்டுகளாக அறிந்திருந்த பாடபேதத்தின் துன்பத்தை யப்பானியச் சிறுவர்கள் இவ்வாறு அறிந்துகொண்டார்கள்.

ஆயினும் அந்த முறையில் ஒரு நன்மை இருந்தது. சேமிப்பு ஆடுபவனின் கையில், அவனுடைய கையெழுத்தில் இருந்தது. கருவி பழுதானாலும் கொப்பி இருந்தால் போதும்.

அடுத்து வந்தது மின்கலம். யப்பானில் 1986 பெப்ரவரியில் வட்டில் வெளியான 'லெஜண்ட் ஒஃப் ஸெல்டா', 1987 இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது, ஆட்டப் பெட்டியின் உள்ளேயே நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம் பொருத்தப்பட்டிருந்தது. மின்சாரம் நின்ற பின்னரும் அது ஆட்டத்தின் நினைவைக் காத்தது. இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. கருவியை நிறுத்தும்போது மீளமைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிறுத்தவேண்டும். தவறினால் நினைவு சிதையக்கூடும்.

இந்த இடத்தில் வன்னி வாசகர்களுக்கு ஒரு நினைவு வராமற் போகாது. உலகின் மறுபுறத்தில் சிறுவர்களின் விளையாட்டைக்கூட மின்கலம் காத்துநின்ற அந்தக் காலத்தையொட்டி, 1990 முதற்கொண்டு, வடபுலத்துக்கு மின்கலமே தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும்கூடக் கட்டுப்பாட்டுக்குள் வந்த பொருளாதாரத் தடைக்காலம் அது. மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுற்றி, டைனமோவின் உயிரில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. சுற்றுகிற கை நின்றால் செய்தியும் நின்றுவிடும். மின்சாரம் உள்ளவரை மட்டுமே நிலைக்கும் நினைவு என்றால் என்னவென்று அந்தத் தலைமுறைக்குக் கணினி விஞ்ஞானம் கற்பிக்கத் தேவையில்லை.

இனி இற்றைப்படுத்தலின் வரலாற்றுக்கு வருவோம். மென்பொருளில் பிழை கண்டால் முன்னாளில் புதிய வட்டு ஒன்று தபாலில் வரவேண்டும். 1998 இல் விண்டோஸ் 98 உடன், இணையத்தின் வழியாகத் திருத்தங்களைப் பெறும் வசதியை மைக்ரோசொப்ட் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. 2000 ஆம் ஆண்டின் விண்டோஸ் எம்.ஈ. பதிப்பில் அது தானியங்கி முறையாக வந்தது. ஆயினும் பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. வேலை செய்கிற இயந்திரத்தை எதற்காகத் தொடவேண்டும் என்பதே அன்றைய மனநிலை.

அந்த மனநிலையை மாற்றியவை புழுக்கள். 2001 யூலையில் 'கோட் ரெட்' என்னும் நச்சு நிரல் ஒரே நாளுக்குள் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தொற்றியது. 2003 ஒகஸ்டில் 'பிளாஸ்டர்' வந்தது. அது நுழைந்த துவாரத்தை அடைக்கும் திருத்தம் ஒரு மாதத்துக்கு முன்னரே, யூலையில் வெளியாகிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. திருத்தம் இருந்தது, பொருத்தியவர் குறைவு. பிளாஸ்டர் தொற்றிய கணினியின் திரையில் அறுபது வினாடிக் கணக்கு ஓடும். முடிவில் கணினி நின்று மீண்டும் தொடங்கும். அந்த அறுபது வினாடிக்குள் சேமிக்காதவை அத்தனையும் போய்விடும்.

ஆக, எதிர்பாராத மறுதொடக்கத்தால் வேலையை இழக்கும் அனுபவத்தைப் பல இலட்சம் பேருக்கு முதலில் கொடுத்தது இற்றைப்படுத்தல் அன்று, இற்றைப்படுத்தாமையே.

அதன் விளைவாகவே மருந்து கடுமையாயிற்று. 2003 ஒக்டோபர் முதல், மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடும் வழக்கத்தை மைக்ரோசொப்ட் மேற்கொண்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் செவ்வாய் காலை பத்து மணி என்பது நமக்குச் செவ்வாய் இரவு நேரம். 2004 ஒகஸ்டில் வெளியான எக்ஸ்.பி.யின் இரண்டாம் சேவைத்தொகுப்பு, தானியங்கி இற்றைப்படுத்தலை இயக்கிவைக்குமாறு பயனாளர்களை வலிந்து தூண்டியது. அதற்கென இயல்பாகக் குறிக்கப்பட்ட நேரம் அதிகாலை மூன்று மணி. அலுவலகங்கள் உறங்கும் நேரம் என்பதால் அது தெரிவாகியிருக்க வேண்டும். திருத்தம் பொருத்தியதும் ஐந்து நிமிடக் கணக்கு ஒன்று திரையில் ஓடும். 'பின்னர்' என்று சொல்வதற்கு எதிரில் ஒருவரும் இல்லையென்றால் கணினி தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். இரவு முழுவதும் கணக்கீடு ஒன்றை ஓடவிட்ட ஆய்வாளரும், ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு உறங்கப்போன இளைஞரும் காலையில் கண்டது வெறுந்திரையை.

2015 யூலையில் வந்த விண்டோஸ் 10, வீட்டுப் பதிப்பை வைத்திருப்போருக்கு இற்றைப்படுத்தலை மறுக்கும் வழியை ஏறத்தாழ இல்லாமற் செய்தது. எதிர்ப்புக் கிளம்பியது. கலிபோர்னியாவில் சிறு பயண முகவர் நிலையம் நடத்திய ஒரு பெண்மணி, தமது அனுமதியின்றிக் கணினி புதிய பதிப்புக்கு மாற முயன்று பழுதாகிவிட்டதென வழக்குத் தொடுத்து 10,000 டொலர் பெற்றார். மேன்முறையீட்டை நிறுவனம் கைவிட்ட செய்தி 2016 யூனில் வெளியாயிற்று. அவ்வாண்டு ஒகஸ்டில் 'செயற்படு நேரம்' என்றொரு ஏற்பாடு வந்தது. அந்த நேரத்துக்குள் கணினி தானாக மறுதொடக்கம் செய்யாது. அதன் இயல்பான வரையறை காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை. இதனை ஊன்றிப் பாருங்கள். மாலையில் பாடசாலை விட்டு வந்து விளையாடும் பிள்ளையின் நேரம், அந்த ஏற்பாட்டின்படி, ஒருவரும் பயன்படுத்தாத நேரம். இயந்திரத்தின் உறக்க நேரத்தை வகுத்தவர் மனத்தில் இருந்தது அலுவலக மேசை. நாயாற்று வீட்டின் மாலைப் பொழுது அன்று.

மிகப் பெரிய சறுக்கல் 2018 ஒக்டோபரில் நிகழ்ந்தது. 2 ஆம் திகதி வெளியிடப்பட்ட இற்றைப்படுத்தல், சிலருடைய கணினிகளில் ஆவணங்களையும் படங்களையுமே அழித்துவிட்டது. அதாவது சேமித்து வைத்தவையே அழிந்தன. நான்கு நாட்களில் அது நிறுத்திவைக்கப்பட்டு, திருத்தப்பட்டு, நவம்பரில் மீண்டும் வெளிவந்தது. 2019 மே மாதப் பதிப்பில், வீட்டுப் பயனாளரும் இற்றைப்படுத்தலைச் சில வாரங்கள் ஒத்திவைக்கலாம் என்ற உரிமை கிடைத்தது. இழந்தவர்களின் கூச்சலால் கிடைத்த உரிமை அது.

இவ்வளவையும் படித்து, தானியங்கி இற்றைப்படுத்தலே தீது என்று முடிவுகட்டிவிடலாகாது. 2017 மார்ச்சில் ஒரு திருத்தம் வெளியாயிற்று. அதனைப் பொருத்தாத கணினிகளை மே 12 ஆம் திகதி 'வன்னாகிரை' என்னும் பணயநிரல் தாக்கியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அங்கு இழப்பு விளையாட்டன்று.

அவ்வளவு தூரம் போகவேண்டியதுமில்லை. 2023 ஒகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினித் தொகுதியைப் பணயநிரல் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மடல்கள் மீட்கமுடியாதவாறு போயின. காரணங்கள் இரண்டு. அந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013 ஆம் ஆண்டுக்குரியது. அதற்கான ஆதரவை உற்பத்தியாளர் 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார். மற்றையது, அந்த மூன்று மாதங்களுக்குமான தனிப்படி வேறோர் இடத்தில் எடுத்துவைக்கப்பட்டிருக்கவில்லை. இற்றைப்படுத்தவும் இல்லை, சேமிக்கவும் இல்லை. நாயாற்றுப் பையனின் பிழையை ஓர் அரசாங்கம் செய்தது. அவனிடம் புதுப்பித்தலாவது நடந்தது.

ஆகவே சிக்கல் புதுப்பிப்பதில் இல்லை என்பது என் கருத்து. புதுப்பிக்கும் நேரத்தைத் தீர்மானிப்பவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர். சிக்கல் இந்த இடைவெளியில் இருக்கின்றது. கொப்பியில் மந்திரம் எழுதிய சிறுவன் தன் நினைவுக்குத் தானே காவலன். இன்று அந்தக் காவல் தொலைவிலுள்ள நிறுவனங்களின் கைக்குச் சென்றுவிட்டது. ஆட்டத்தின் சேமிப்பைத் தமது வழங்கிகளில் வைத்துத்தரும் முறையை 2008 இல் 'ஸ்டீம்' போன்ற சேவைகள் தொடங்கின. நல்ல வசதிதான். இடையறாத இணையமும் மின்சாரமும் உள்ள ஊர்களை எண்ணி வகுத்த வசதி அது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்ட நாடு இது. கைத்தொலைபேசியில் அளந்து வாங்கும் தரவில் வாழும் வீடுகளுக்கு அது எட்டாத வசதி. பழைய கணினிகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிவுக்கு வந்துவிட்டது. பிறர் தந்த பழைய மடிக்கணினிகளால் படிக்கும் பிள்ளைகள், வேண்டாத நேரத்தில் வந்த திருத்தத்திலிருந்து, வேண்டினாலும் வாராத திருத்தத்துக்கு வந்துசேர்ந்திருக்கிறார்கள்.

மதியம் அந்தப் பையனின் தாயோடு பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டு வாசல் நிலையோரம் ஆணியில் தொங்கிய ஒரு பையைக் கண்டேன். தடித்த பொலித்தீனால் இருமுறை சுற்றி, வாய் இறுகக் கட்டப்பட்டிருந்தது.

"அது எங்கட பை அண்ணை. ஓடவேண்டி வந்தால் முதல் அதைத்தான் எடுக்கிறது" என்றார்.

1984 டிசம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், நாயாறு ஆகிய கரையோரக் கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவருடைய பெற்றோர் உடுத்த துணியோடு புறப்பட்டவர்கள். சில நாட்களில் திரும்பலாம் என்று எண்ணினார்கள்; போர் முடிந்த பின்னரே திரும்ப முடிந்தது. காணியின் பத்திரம் வீட்டோடு போயிற்று. இடையில் 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோள். 2009 இன் இறுதி நாட்கள். மீண்டு வந்தபோது, இது உங்கள் காணி என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். பிறந்த சான்றிதழுக்கும் அத்தாட்சி கேட்டார்கள். ஒவ்வொன்றையும் மறுபடி பெற எத்தனை நாட்கள், எத்தனை அலுவலகங்கள் என்று அவர் கைவிரலில் எண்ணிக் காட்டினார். இப்போது அந்தப் பையில் எல்லாவற்றுக்கும் இரண்டு நிழற்படிகள் உண்டு. மூலத்தின் மூன்றாவது படி வவுனியாவில் தமக்கையின் வீட்டில் இருக்கின்றது.

ஒரு பிள்ளையின் ஆட்டத்தையும் ஒரு கிராமத்தின் இடப்பெயர்வையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். அது அடாத செயல். ஆனால் படியெடுத்தல் என்னும் கலையை அந்தத் தாயைவிட நன்றாக அறிந்த கணினி வல்லுநரை நான் கண்டதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட படிகள், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் என்பதுதான் இன்று உலகெங்கும் தரவுக் காப்புக்குச் சொல்லப்படும் விதி. அதனை அவர் எந்த நூலிலும் படிக்கவில்லை.

தமிழர் மரபுக்கும் இது புதிதன்று. ஓலை நைந்துபோகுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவது நம்மவர் வழக்கம். பெயர்த்தெழுதக் கை இல்லாதபோது நூல்கள் மறைந்தன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியது, அந்த மறைவை முந்திக்கொள்ளும் ஓட்டத்திலேயாகும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 யூன் முதலாம் திகதி இரவு எரிந்தபோது, அச்சுப் பிரதிகள் பலவற்றை வேறிடங்களில் தேடிப்பெற முடிந்தது. வேறு படியில்லாத ஏடுகள் போனவை போனவைதாம்.

மாலையில் பையன் சற்றுத் தெளிந்திருந்தான். கணினியின் அமைப்பில் செயற்படு நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்று நான் எனக்குத் தெரிந்தவரை காட்டினேன். மூடியைச் சாத்துவது சேமிப்பது ஆகாது என்பதையும் சொன்னேன். அவன் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினான். முதற்கட்டம் முடிந்ததும் சேமித்தான். பின்னர் அதன் படி ஒன்றைப் பென் ட்ரைவில் ஏற்றி, தாயிடம் கொண்டுபோய் நீட்டினான்.

"என்னடா இது?"

"இதையும் அந்தப் பைக்குள்ள வையுங்கோ அம்மா."

அவர் சிரிக்கவில்லை. பையின் கட்டை அவிழ்த்து, சான்றிதழ்களின் ஓரத்தில் அதனைச் செருகி, மீண்டும் இறுகக் கட்டி ஆணியில் மாட்டினார்.